சிவப்பு அறிவித்தல் வந்தால் எங்கே போவது?

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார்களுக்காக நடத்தப்பட்ட ஒருநாள் கருத்தரங்கில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோட்டக் கமிட்டித் தலைவர்மார்களே, தலைவிமார்களே, மாதர் பிரிவுச் சகோதரிகளே, இளைஞர்களே!

இன்றைய கருத்தரங்கின் தலைப்பு "காலநிலை மாற்றமும் நிலைபேறான அபிவிருத்தியும்" என்று அழைப்புக் கடிதத்தில் போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு, "சம்பளப் பிரச்சினை அப்படியே கிடக்கிறது, காணிப் பிரச்சினை கிடக்கிறது, சங்கம் எதற்காக இதைத் தூக்கிக்கொண்டு வருகிறது?" என்று கேட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும்.

தோட்டத்தில் காலநிலை மாற்றம் என்பது வானத்தில் நடக்கும் காரியமல்ல. அது செக்ரோலில் விழும் பேரிலும், லயத்துக்கு மேலே நிற்கும் மண்ணிலும், காணி உறுதி இல்லாத கையிலும் தெரிகிறது. ஆகவே சம்பளம், வீடு, காணி என்று நாம் இத்தனை காலம் கேட்டு வந்ததையெல்லாம் இன்று இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறோம். அவ்வளவுதான்.

வெயிலும் மழையும் நமது பேரில்

முதலில் பேரை எடுத்துக்கொள்வோம். தேயிலைச் செடி நன்றாகக் கொழுந்து விடுவதற்கு ஏறக்குறைய 18 முதல் 25 பாகை செல்சியஸ் வரையான வெப்பம் ஏற்றது. அதற்கு மேல் வெயில் ஏறி, மண்ணில் ஈரமும் இல்லாமல் போனால் செடி கொழுந்து விடாமல் நின்றுவிடும். அப்போது எவ்வளவு கைச்சுறுசுறுப்பு உள்ளவராக இருந்தாலும் மலையில் இல்லாத கொழுந்தை எடுக்க முடியாது. ஆனால் கொழுந்து மடுவத்தில் தராசு அதைக் கேட்காது. கேட்ட கிலோ வராவிட்டால் அரைப்பேர் என்கிறார்கள். அல்லது வாரத்தில் வேலை நாளையே குறைத்துவிடுகிறார்கள்.

விடாமல் மழை பெய்தாலும் இதே கதைதான். வெயில் முகமே காணாத ஈரத்தில் கொப்புள நோய் பரவுகிறது, இளங்கொழுந்து கெட்டுப்போகிறது. வழுக்கும் மலையில் நிறை எடுக்க முடிவதில்லை. வெயில் கூடினாலும் நமக்கு நட்டம், மழை கூடினாலும் நமக்கு நட்டம். கம்பனிக்கும் நட்டம் வருகிறது, அதை நாம் மறுக்கவில்லை. கம்பனியின் நட்டம் ஆண்டுக் கணக்கறிக்கையில் எழுதப்படுகிறது. தொழிலாளியின் நட்டத்தை எழுத எந்தக் கணக்கறிக்கையும் இல்லை.

அந்த நட்டம் அந்த மாதத்தோடு முடிவதும் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடமிருந்து 8 வீதமும் நிர்வாகத்திடமிருந்து 12 வீதமும் போகிறது. உழைத்த பேர் குறைந்தால் இந்த இரண்டும் குறையும். இன்றைக்கு வெயிலில் போன பேர், நாளைக்கு ஓய்வு பெறும்போது கையில் வரும் காசிலும் குறைகிறது. பருவம் தவறிய மழையும் வெயிலும் வந்துகொண்டே இருந்தால் ஒரு தொழிலாளியின் முழு வாழ்க்கைக் கணக்கே குறைந்துவிடும். சம்பளத்தைக் கிலோவோடு கட்டிப் போடுவது, காலநிலையின் நட்டத்தைக் கூடைக்காரியின் முதுகில் ஏற்றுவதுதான் என்று சங்கம் சொல்வது இதனால்தான்.

புகையை யார் விட்டது?

பூமி சூடேறுவதற்குக் காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்ததால் சேர்ந்த கரிப்புகை என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். சூடேறிய காற்று கூடுதலான நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெப்பம் 1 பாகை கூடினால் காற்றில் தங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 வீதம் கூடுகிறது. அந்த நீர் மொத்தமாகக் கொட்டும்போதுதான் ஒரு மாத மழை ஒரே இரவில் பெய்வதைப் பார்க்கிறோம்.

இந்தப் புகையில் நமது பங்கு எவ்வளவு? இலங்கையில் ஒருவர் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 1 தொன் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். உலக சராசரி 4 தொன்னுக்கு மேல். அமெரிக்காவில் ஒருவருக்குச் சுமார் 14 தொன். இலங்கையின் அந்த 1 தொன்னும் ஒரு சராசரிதான். கொழும்பில் குளிரூட்டிய வீட்டில் இருந்து வாகனத்தில் போகிறவரையும், லயத்தில் விறகு அடுப்பு ஊதுகிறவரையும் ஒன்றாகக் கூட்டிப் பிரித்தால் வருவது அது.

நாம் கொடுப்பதும் உண்டு. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் சேருவது நமது மலைகளில் விழுந்த மழைதான். லக்ஷபான மின்சாரம் அந்தத் தண்ணீரில் ஓடுகிறது. 2012இல் தலவாக்கலையில் திறக்கப்பட்ட மேல் கொத்மலை நிலையமும் அப்படித்தான். புகையில்லாத மின்சாரம் என்று நாடு பெருமையாகச் சொல்வதன் ஒரு பகுதி தோட்டங்களின் நடுவிலிருந்து போகிறது. அந்த மலையின் மண்ணைக் கான் வெட்டியும் கல் அடுக்கியும் பிடித்து வைத்தவர்கள் நமது முன்னோர்கள். 2023இல் மலையகம் 200 என்று நாம் நினைவுகூர்ந்தபோது இதையும் சேர்த்தே நினைத்தோம்.

ஆகவே காலநிலை பற்றிய பேச்சில் நாம் பிச்சை கேட்டு நிற்பவர்கள் அல்ல. நமக்கு வர வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது.

எச்சரித்த பிறகும் நடந்தது

இனி இன்றைய பேச்சின் நடு விஷயத்துக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை.

அந்த இடம் ஆபத்தானது என்பது யாருக்கும் தெரியாமல் இருந்ததா? இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அங்கே எச்சரித்திருந்தது. மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. பிறகு ஏன் மக்கள் அங்கேயே இருந்தார்கள்? அனர்த்தத்துக்குப் பிறகு அதிகாரிகள் பலர் "சொன்னோம், அவர்கள் கேட்கவில்லை" என்றார்கள். இந்தப் பதிலை நாம் ஏற்றுக்கொள்ள முடியாது.

எழும்பிப் போ என்று ஒருவரிடம் சொன்னால், எங்கே போவது என்றும் சொல்ல வேண்டும். லயத்தில் இருப்பவருக்கு லயத்தின் காணி சொந்தமில்லை. வேறு எங்கும் ஒரு பேர்ச் காணியும் இல்லை. லயத்தை விட்டுப் போனால் வேலை போய்விடுமோ என்ற பயம். பிள்ளையின் பள்ளிக்கூடம், பிள்ளைக் காம்பரா, கடைக்கணக்கு, கோயில் எல்லாம் அங்கேதான். வெறுங்கையோடு எங்கே போவது? கிராமத்தில் சொந்தக் காணி வைத்திருப்பவருக்கும் மண்சரிவு அபாயம் உண்டு, அவருடைய துன்பத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் தன் காணியை விற்கலாம், அடகு வைக்கலாம், வேறு இடத்தில் வீடு கட்ட உதவி கேட்டு உறுதியைக் காட்டலாம். தோட்டத் தொழிலாளியிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

மீரியபெத்தையில் உயிர் தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் காலம் கழித்தார்கள். மகல்தெனியவில் கட்டிய 75 வீடுகள் 2016 ஒக்டோபரில், அதாவது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான், கையளிக்கப்பட்டன. மகல்தெனியவில் கிடைத்த காணி 2014இல் புதிதாக முளைத்த காணியல்ல. 2005இலும் அது அங்கேதான் இருந்தது. சாவு வந்த பிறகு கொடுக்க முடிந்த காணியைச் சாவு வருவதற்கு முன் கொடுக்க முடியாமல் போனது ஏன்? இந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு தோட்டத்திலும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது, அதே மாவட்டத்தில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயங்களும் மண்ணில் அகப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோரைக் கொண்டு போனது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் ஒரே நேரத்தில் எண்ண முடியாத இடங்களில் மலை சரிந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். பாதை இல்லை, ரயில் இல்லை, மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. அதைப் பற்றி உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

கடல் தாண்டியும் இதே லயம்

இது இலங்கையின் கதை மட்டுமல்ல. கேரளாவில் மூணாறு பக்கம் பெட்டிமுடி என்ற இடத்தில் 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போலத் தமிழ்த் தொழிலாளர்கள்தான். நமது முன்னோர்களைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து மலைக்கு ஏறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்களுக்கும் சொந்தக் காணி இல்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பதே அங்கேயும் நடைமுறை.

2024 ஜூலை 30ஆம் திகதி அதே கேரளாவில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். உயிர் தப்பியவர்களைக் குடியேற்றுவதற்காக மாநில அரசு கல்பற்றாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் காணியைக் கையேற்றது. வழக்கு நடந்தது, நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 7 சென்ட் காணியில் 1000 சதுர அடி வீடு என்று திட்டம் போட்டு, 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். 7 சென்ட் என்றால் நமது கணக்கில் 11 பேர்ச். இங்கே நாம் 7 பேர்ச்சா, 10 பேர்ச்சா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

அங்கேயும் எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தோட்டக் காணியை மக்களின் பாதுகாப்புக்காக எடுக்க முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி. இலங்கையில் இது இன்னும் சுலபமாக இருக்க வேண்டும். ஏனென்றால் இங்கே பெருந்தோட்டக் காணி அரசாங்கத்தினுடையது. 1970களில் தேசியமயமான தோட்டங்களை 1992இல் கம்பனிகள் பொறுப்பேற்றபோது காணி அவர்களுக்கு விற்கப்படவில்லை, 53 ஆண்டுக் குத்தகைக்குத்தான் கொடுக்கப்பட்டது. குத்தகைக்குக் கொடுத்தவரின் கையில்தான் முடிவு இருக்கிறது.

பசுமை என்ற பெயரில் நடந்தது

"நிலைபேறான அபிவிருத்தி" என்றால் இன்றைய தேவையைப் பார்க்கும்போது நாளைய தலைமுறைக்கு வேண்டியதை அழித்துவிடாமல் இருப்பது என்று விளக்கம் சொல்கிறார்கள். நல்ல விளக்கம்தான். ஆனால் உழைப்பவர்களைக் கேட்காமல் மேலேயிருந்து பசுமை என்று எதையாவது இறக்கினால் என்ன நடக்கும் என்பதை நாம் 2021இல் பார்த்தோம்.

அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. மண்ணுக்கும் உடலுக்கும் நல்லது என்று சொன்னார்கள். இரசாயனத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை, மருந்து அடிக்கும் தொழிலாளிக்கு அதன் கேடு நன்றாகத் தெரியும். ஆனால் அதற்குப் பதிலாகப் போட வேண்டியது எங்கே, எத்தனை ஆண்டில் மாறுவது, அதுவரை கொழுந்து குறைந்தால் பேருக்கு என்ன வழி, எதற்கும் பதில் இல்லை. நவம்பரில் தடை கைவிடப்பட்டது. ஆனாலும் 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவாக இறங்கியது. பொருளாதார நெருக்கடியும் அதே ஆண்டில் வந்து சேர்ந்தது. மாவும் அரிசியும் விலை ஏறிய நேரத்தில் மலையில் கொழுந்து இல்லை.

இனியும் இப்படியான திட்டங்கள் வரும். நாட்டின் வனப்பரப்பை 32 வீதமாக்குவோம், 2050இல் கரிச் சமநிலை அடைவோம் என்று இலங்கை உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. மரம் நட வேண்டும்தான். எங்கே நடுவார்கள்? விளைச்சல் குறைந்த தேயிலை மலைகளில்தான் முதலில் கண் விழும். செங்குத்தான மலையில் தேயிலையை விட்டுவிட்டுக் காடு வளர்ப்பது மண்ணுக்கு நல்லது, கீழே இருக்கும் லயத்துக்கும் நல்லது. ஆனால் அந்த மலையில் கொழுந்தெடுத்த 40 பேருக்கு அடுத்த நாள் வேலை எங்கே? அந்தக் காட்டைப் பார்க்கும் வேலை அவர்களுக்குக் கிடைக்குமா, வெளியாருக்குப் போகுமா? இதைத்தான் சர்வதேச தொழில் தாபனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில் "நியாயமான நிலைமாற்றம்" என்று சொல்கிறது. மாற்றம் வரட்டும், அதைத் தொழிலாளர் சங்கங்களோடு பேசிச் செய்யுங்கள், வேலை இழப்பவருக்கு வேலையும் வருமானமும் பாதுகாப்பும் இருக்கட்டும் என்பதே அதன் சாரம்.

உலகத்துக் காசு மலைக்கு ஏறுமா?

இதற்கெல்லாம் காசு வேண்டும். பணக்கார நாடுகள் 2009இல் கோப்பன்ஹேகனில் ஒரு வாக்குக் கொடுத்தன. 2020இலிருந்து ஆண்டுக்கு 100 பில்லியன் டொலரை வளர்முக நாடுகளுக்குத் திரட்டித் தருவோம் என்றார்கள். அவர்கள் கணக்கின்படியே அந்தத் தொகை 2022இல்தான் முதல் முறையாக எட்டப்பட்டது. அதிலும் பெரும்பகுதி கடன். 2022 என்பது இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த ஆண்டு. கடனில் மூழ்கியவனுக்கு, வெள்ளத்திலிருந்து தப்ப இன்னொரு கடன்!

அதே 2022இல் எகிப்தில் நடந்த மாநாட்டில், ஏற்கெனவே ஏற்பட்டுவிட்ட இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதியம் ஒன்று வேண்டும் என்று உடன்பட்டார்கள். அடுத்த ஆண்டு துபாயில் அது தொடங்கப்பட்டது. 2024இல் பாகுவில், 2035இற்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டொலர் என்று புதிய இலக்கும் வைத்தார்கள். தொகைகள் பெரியவை. அவை கொழும்புக்கு வந்து, அமைச்சுக்குப் போய், மாவட்டச் செயலகத்துக்கு இறங்கி, பிரதேச செயலகத்துக்கு வந்து, தோட்டத்து எல்லைக் கல்லில் நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும் வரை, நமது வாக்கில் தெரிவான சபையே தோட்டத்துக்குள் ஒரு பாதை போடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்த அனுபவம் நமக்குப் போதும்.

எனவே நாட்டின் காலநிலைத் திட்டங்களில் "பாதிக்கப்படக்கூடிய சமூகம்" என்று நமது பெயரை எழுதினால் மட்டும் போதாது. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எத்தனை குடும்பம், எந்த ஆண்டுக்குள், எந்தக் காணியில் என்று எழுத வேண்டும். அந்த மேசையில் தோட்டத் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும்.

நமது கோரிக்கைகள்

சங்கம் முன்வைப்பது நான்கு கோரிக்கைகள்.

முதலாவது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தானது என்று அடையாளம் கண்ட ஒவ்வொரு லயத்துக்கும் மாற்றுக் காணி இப்போதே ஒதுக்கப்பட வேண்டும். அனர்த்தம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அந்தக் காணி கணவன், மனைவி இருவர் பெயரிலும் உறுதியோடு கொடுக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, சிவப்பு அறிவித்தல் உள்ள நாளில் யாரையும் மலைக்கு இறக்கக் கூடாது, அந்த நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். இது சலுகை அல்ல. பாதுகாப்பான வேலைச் சூழல் என்பது தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று சர்வதேச தொழில் தாபனம் 2022இல் தீர்மானித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981ஆம் ஆண்டின் 155ஆம் இலக்கச் சமவாயம் சொல்கிறது. ஒரு நாள் பேருக்காக உயிரைப் பணயம் வைக்கும் நிலை இருக்கக் கூடாது.

மூன்றாவது, வரட்சியாலோ தொடர் மழையாலோ கொழுந்து குறைந்த காலத்தில் கிலோ அளவைக் காரணம் காட்டிப் பேரை வெட்டக் கூடாது. மலையில் கொழுந்து இல்லாத நாட்களில் கான்வெட்டு, நிழல் மரம் நடுதல், கல்லணை கட்டுதல் போன்ற மண்காப்பு வேலைகளை முழுச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். செலவைக் குறைக்க என்று கான்வெட்டு ஆட்களைக் குறைத்த தோட்டங்களில் மழைத் தண்ணீர் ஓட வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. ஊறிய மண்தான் சரிகிறது.

நான்காவது, எச்சரிக்கைகள் தமிழில், நேரத்துக்கு, பிரிவு வரை வர வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் ஒலிபெருக்கி, மழைமானி, குறிக்கப்பட்ட பாதுகாப்பு இடம் ஆகியன இருக்க வேண்டும்.

கமிட்டி செய்ய வேண்டியது

கோரிக்கை வெல்லும்வரை மழை காத்திருக்காது. ஆகவே நாமே செய்ய வேண்டியவை சில உள்ளன.

எச்சரிக்கையின் மூன்று நிறங்களை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் செம்மஞ்சள், கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ சிவப்பு, உடனே வெளியேற வேண்டும்.

இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள பால்மா டின் ஒன்றைக் கூரையும் மரமும் இல்லாத வெளியில் நேராக வையுங்கள். பள்ளிக்கூட அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளந்தால் 1 சென்ரிமீற்றர் என்பது 10 மில்லிமீற்றர் மழை. ஏழரை சென்ரிமீற்றர் மஞ்சள், பத்து செம்மஞ்சள், பதினைந்து சிவப்பு. தினமும் காலையில் அளந்து கொப்பியில் எழுதி டின்னைக் காலியாக்க வேண்டும். கடும் மழை நாளில் மணிக்கு ஒரு தடவை பாருங்கள். இந்த வேலையை இளைஞர்களிடம் ஒப்படைக்கலாம். இது அரசாங்க எச்சரிக்கைக்குப் பதில் ஆகாது. ஆனால் சிக்னல் இல்லாத, மின்சாரம் இல்லாத இரவில் இதுதான் கையில் இருக்கும்.

மலையும் முன்கூட்டியே சில அடையாளம் காட்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்வது, சுவரில் வெடிப்பு, கதவு யன்னல் இறுகிப் போவது, இல்லாத இடத்தில் திடீரென ஊற்று வருவது, இருந்த ஊற்று நின்று போவது, தெளிந்த ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழை அளவைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் சங்கக் காரியாலயத்துக்கும் அறிவியுங்கள். இடம் போதாமல் லயத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டிக் குசினி இறக்கும் வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும், வெட்டிய மண் சீக்கிரம் ஊறும்.

யார் யாரைத் தூக்கிக்கொண்டு வருவது என்பதையும் முதலே பேசிவையுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள், கர்ப்பிணித் தாய்மார், கைக்குழந்தைகள், வலது குறைந்தவர்கள் எந்தக் காம்பராவில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் மாதர் பிரிவுத் தலைவியிடம் இருக்கட்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரங்களை ஒரு பொலித்தீன் பையில் போட்டு எடுக்க வசதியாக வையுங்கள். இந்தப் பத்திரங்கள் இல்லாமல் இழப்பீட்டுக்கு அலைந்தவர்களின் கஷ்டம் நமக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேலை. இன்று உங்கள் கையில் கொடுத்திருக்கும் படிவத்தில் ஆறு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் பிரிவில் ஆபத்தான லயம் எது, அங்கே எத்தனை குடும்பம், அந்த இடம் பரிசோதிக்கப்பட்டதா, அறிக்கை யார் கையில், தோட்டத்துக்குள் பாதுகாப்பான வெறுங்காணி எங்கே, மழை இரவில் போய்த் தங்கும் இடம் எது. அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் எல்லோரையும் வைத்துப் பேசி இதை நிரப்புங்கள். பெரட்டுக்களத்தில் நின்று ஒருவரே நிரப்பிவிட வேண்டாம், லயத்தில் இருப்பவர்களைக் கேட்டு நிரப்புங்கள். நிரப்பிய படிவங்களைத் தோட்டம் தோட்டமாகத் தொகுத்து, தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் மாவட்டச் செயலாளருக்கும் சங்கம் எழுத்தில் கொடுக்கும். கிடைத்ததற்கு ஒப்பமும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்வோம்.

அடுத்த முறை எவரும் "சொன்னோம், அவர்கள் கேட்கவில்லை" என்று சொல்வதற்கு இடமிருக்கக் கூடாது. நாம் காணியைக் காட்டினோம், குடும்பங்களை எண்ணிக் கொடுத்தோம், திகதியும் இருக்கிறது என்று நமது கையில் ஒரு கடதாசி இருக்க வேண்டும். தென்மேற்கு மழை தொடங்குமுன் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் படிவங்கள் காரியாலயத்துக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.